ஏட்டில் எழுதாத இசை: ஜாங்கோ ரைன்ஹார்ட் இயற்றிய முறை

இசை இயற்றுதல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் ஒரு காட்சி எழும். அமைதியான அறை, மேசைமேல் விளக்கு, ஐந்து கோடுகள் இழுத்த தாள். பெரியவர் ஒருவர் ஆழ்ந்து சிந்தித்து, சுரங்களைப் புள்ளிகளாக்கித் தாளில் வைக்கிறார். மேலைநாட்டு இசையைப் பற்றி நாம் படித்த நூல்கள் நமக்குத் தந்த காட்சி இது. பெரும் இசைவாணர் பலர் இவ்வாறே எழுதினர் என்பது மெய்தான். ஆனால் இசை பிறப்பதற்கு அது ஒன்றே வழி என்று கொள்வது பொருந்துமா?

பொருந்தாது என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்வே போதுமான சான்று. அவர் இசைக்குறிகளைப் படிக்கவோ எழுதவோ அறியாதவர். பள்ளிப்படிப்பு இல்லாதவர். இடக்கையின் நான்கு விரல்களில் இரண்டே அவருக்கு முழுமையாக இயங்கின. ஆயினும் ஐரோப்பாக் கண்டம் ஜாஸ் இசைக்குத் தந்த முதற் பெருங்கலைஞர் என்று அவரை இன்றும் உலகம் போற்றுகிறது. அவர் இயற்றிய மெட்டுகளைக் கித்தார் பயில்வோர் நாடுதோறும் வாசிக்கின்றனர். அவர் பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட்.

இவரைப் பற்றி நம் சங்க இதழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆண்டு விழா நெருங்கும்போதெல்லாம் நம் இசைக்குழு திரைப்பாடல்களையே எடுத்துப் பயில்கிறது. "நாமே ஒரு பாட்டுக்கு மெட்டு அமைத்தால் என்ன?" என்று யாரேனும் ஒருவர் கேட்பார். "நமக்குச் சங்கீத இலக்கணம் தெரியாதே!" என்று மற்றொருவர் விடை கூறுவார். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அந்த விடை எவ்வளவு தூரம் சரியானது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இயற்பியல் மாணவன், இசைப்புலவன் அல்லேன். ஆயினும் கித்தாரின் கம்பியும் இயற்பியலுக்கு உட்பட்டதே ஆதலால், எனக்குத் தெரிந்த வழியில் நின்றே இதனை விளக்க முயல்கிறேன்.

வண்டியில் வாழ்ந்த குடும்பம்

ஜாங்கோ 1910ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் லிபெர்ஷி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல், குதிரை பூட்டிய வண்டி வீடுகளில் ஊர் ஊராகச் செல்லும் ரோமா மக்களின் மனூஷ் என்னும் பிரிவைச் சேர்ந்தது அவர் குடும்பம். பின்னர் பாரிஸ் நகரின் எல்லையில் தங்கியிருந்த வண்டிகளிடையே அவர் வளர்ந்தார்.

இந்த ரோமா மக்களின் மூதாதையர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்கள் என்பதை மொழி நூலார் ஐயத்திற்கிடமின்றி நிறுவியுள்ளனர். அவர்கள் மொழியில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிப் பாருங்கள்: யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச். இந்த ஊருக்கு வந்த முதல் மாதத்தில், காய்கறிக் கடைக்காரரிடம் ஏமாறாமல் இருப்பதற்காக நாம் மனப்பாடம் செய்த எண்களின் உறவினர்கள் அல்லவா இவை! மனூஷ் என்ற சொல்லுக்குப் பொருளும் மனிதன் என்பதே. வழி நெடுகிலும் எத்தனையோ நாடுகளின் இசையைத் தமதாக்கிக்கொண்டு, எண்ணும் சொற்களை மட்டும் மறவாமல் சென்ற மக்கள் அவர்கள்.

ஜாங்கோ பன்னிரண்டு வயதளவில் பாஞ்சோ என்னும் தந்திக் கருவியைக் கையில் எடுத்தார். பிறர் விரல்களைப் பார்த்துப் பார்த்தே கற்றார். பாரிஸின் நடன அரங்குகளில் அக்கார்டியன் வாசிப்போருக்குப் பக்கவாத்தியம் வாசித்து, இளமையிலேயே பொருளீட்டத் தொடங்கினார். 1928இல் அவருடைய முதல் இசைத்தட்டுகள் வெளிவந்தன.

அதே ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இரவு அந்தப் பேரிடி விழுந்தது. அவர் மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு மலர்கள் வண்டி வீட்டினுள் குவிந்திருந்தன. மெழுகுவத்தியின் நெருப்பு அவற்றில் பட்டது. செல்லுலாய்டு எவ்வளவு விரைந்து எரியும் பொருள் என்பதை வேதியியல் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருவரும் உயிர் தப்பினர். ஆனால் ஜாங்கோவின் காலும் இடக்கையும் கடுமையாக வெந்துபோயின. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் நரம்பு சுருங்கி உள்நோக்கி மடிந்து நின்றுவிட்டன. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

படுக்கையில் கிடந்த அவரிடம் ஒரு கித்தாரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏறக்குறைய பதினெட்டு மாதம் அவர் செய்த பயிற்சியே நாம் இங்கு ஆராய வேண்டிய பொருள்.

கை கற்பித்த பாடம்

கித்தாரின் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பதிக்கப்பட்டிருக்கும். வீணையில் இருப்பதைப் போன்றவையே இவை. ஒவ்வொரு குறுக்குக் கம்பியும் சுரத்தை அரைச்சுரம் உயர்த்தும். ஒவ்வோர் அரைச்சுரத்திற்கும் அதிர்வெண் ஏறக்குறைய 1.0595 மடங்காகிறது. இதனைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 2 வரும். அதாவது ஒரு ஸ்தாயி முழுமையாகும்.

1930களின் பிற்பகுதி முதல் ஜாங்கோ வாசித்த செல்மர் கித்தாரில் அதிரும் கம்பியின் நீளம் 67 சென்டிமீட்டர். கணக்கிட்டால் முதல் குறுக்குக் கம்பிக்கு உள்ள தொலைவு சுமார் 3.8 செ.மீ.; முதல் நான்கு இடங்களும் சேர்ந்து சுமார் 13.8 செ.மீ. நான்கு விரல் உடையவர் இடத்திற்கு ஒரு விரல் வைத்து, கையை அசைக்காமலே இந்த நான்கு இடங்களையும் ஆளுவார். இரண்டு விரல் உடையவரால் அது இயலாது. ஆகவே கை ஓட வேண்டும். ஒரே கம்பியின் நெடுகிலும் மேலும் கீழும் பாய வேண்டும். பன்னிரண்டாம் குறுக்குக் கம்பியைத் தாண்டிவிட்டால் இடைவெளிகள் சரிபாதியாகச் சுருங்கும்; நான்கு இடங்கள் 6.9 செ.மீ.க்குள் அடங்கும். அங்கே இரண்டு விரலே வேகமாகப் பணி செய்ய முடியும்.

ஜாங்கோவின் தனி வாசிப்பில் சுரங்கள் அருவியைப் போலக் கீழிருந்து உச்சிவரை ஒரே வீச்சில் பாய்வதைக் கேட்கலாம். இதனைச் சிலர் வெறும் வேகக் காட்சி என எண்ணுவர். கையின் நிலையை அறிந்த பிறகு கேட்டால், அந்தப் பாய்ச்சல் அவருக்கு நடைபாதையே என்பது விளங்கும்.

சுரக்கூட்டுகளிலும் இதுவே நிகழ்ந்தது. பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பதைத்தான் சுரக்கூட்டு என்கிறேன். மேலைநாட்டார் கார்ட் என்பர். மடிந்த இரு விரல்களை மேற்சுரக் கம்பிகள் இரண்டின்மேல் ஓரளவு அழுத்தவும், கட்டைவிரலைக் கழுத்தின் மேற்புறமாக வளைத்துக் கீழ்ச்சுரக் கம்பியைப் பிடிக்கவும் அவர் பழகிக்கொண்டார். பாடநூல்கள் காட்டும் ஆறு கம்பிப் பிடிகளை விட்டு, மூன்று நான்கு சுரங்களே கொண்ட சிறு பிடிகளைத் தாமே கண்டறிந்தார். மைனர் கூட்டில் ஆறாம் சுரத்தைச் சேர்ப்பது அவருக்கு மிகவும் உகந்தது. ச, சிறிய க, ப ஆகியவற்றோடு பெரிய த-வும் சேர்ந்து ஒலிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். துயரத்திலும் ஒரு மின்னல் தெரியும் ஒலி அது.

இத்தகைய சிறு பிடிகளுக்கு ஒரு தனிப் பண்பு உண்டு. பிடியைக் குலைக்காமல் கையை அப்படியே ஓரிடம் நகர்த்தினால், கூட்டு முழுவதும் அரைச்சுரம் உயரும் அல்லது தாழும். தாளில் எழுதுபவருக்கு இது நான்கு புள்ளிகளையும் மாற்றும் வேலை. கித்தார்க்காரருக்கோ ஒரே சறுக்கல். ஜாங்கோவின் மெட்டுகளில் சுரக்கூட்டுகள் அரைச்சுரம் அரைச்சுரமாக வழுக்கிச் செல்லும் அழகு அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணித நண்பர்களுக்கு இன்னொன்று. மூன்று மூன்று அரைச்சுர இடைவெளியில் நான்கு சுரங்களை அடுக்கினால் டிமினிஷ்ட் என்னும் கூட்டு கிடைக்கும். 12ஐ 3ஆல் வகுத்தால் 4. ஆகவே அந்தப் பிடியை மூன்று இடம் நகர்த்தினால் அதே நான்கு சுரங்கள்தாம் வரிசை மாறித் திரும்பவும் கிடைக்கும். உலகிலுள்ள இத்தகைய கூட்டுகள் மொத்தம் மூன்றே! ஒரே பிடியை மூன்று மூன்று இடங்களாகத் தாவிச் சென்றால் கழுத்து முழுவதையும் கடந்துவிடலாம். ஜாங்கோ இந்தக் கூட்டைப் பெரிதும் விரும்பினார். இந்தக் கணக்கை அவர் எங்கும் படித்ததில்லை. அவருடைய விரல்கள் கண்டுபிடித்தன.

மூன்று கூட்டுகளில் ஒரு கட்டடம்

ஜாஸ் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே உருப்பெற்ற இசை. அடிமை வாழ்வின் நினைவும் விடுதலை வேட்கையும் அதனுள் கலந்துள்ளன. 1930களின் தொடக்கத்தில் ஓவிய நண்பர் ஒருவர் ஒலிக்கவிட்ட இசைத்தட்டுகளில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளத்தை ஜாங்கோ கேட்டார். அதுமுதல் அவர் வழி திரும்பிற்று.

1934இல் பாரிஸில் ஓர் ஐவர் குழு அமைந்தது. வயலினுக்கு ஸ்தெபான் கிராப்பெல்லி. தனி கித்தாருக்கு ஜாங்கோ. தாளம் காக்க மேலும் இரண்டு கித்தார்கள். அடிச்சுரத்திற்குப் பெரிய பாஸ். முரசும் இல்லை, எக்காளமும் இல்லை. தந்திக் கருவிகள் மட்டுமே கொண்டு ஜாஸ் வாசிக்க முடியும் என்பதை அக்குழு உலகுக்குக் காட்டியது.

அவர்கள் 1937இல் பதிவு செய்த "மைனர் ஸ்விங்" என்னும் படைப்பை எடுத்துக்கொள்வோம். இதனை ஜாங்கோவும் கிராப்பெல்லியும் சேர்ந்து இயற்றினர். விடுதியில் மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவரும் நானும் இதனைக் கையால் தாளம் போட்டு எண்ணிப் பார்த்தோம். நான்கு எண்ணிக்கை கொண்டது ஒரு தாளவட்டம். பதினாறு தாளவட்டத்திற்கு ஒருமுறை இசை தொடங்கிய இடத்திற்கே திரும்பி வருகிறது. இந்தப் பதினாறுக்குள் என்ன இருக்கிறது? ச-வின்மேல் கட்டிய கூட்டு, ம-வின்மேல் கட்டிய கூட்டு, ப-வின்மேல் கட்டிய கூட்டு என்ற மூன்றே. இரண்டிரண்டு தாளவட்டமாக அவை வரும் வரிசை இது:

ச, ம, ப, ச. ம, ச, ப, ச.

கடைசியில் வரும் சிறு அலங்காரத்தை நீக்கினால் அடித்தளம் இவ்வளவுதான். முகப்பில் சில சுரங்களே கொண்ட ஒரு சிறு தொடர் வினாப்போல எழுகிறது. அதற்கு விடை வருகிறது. பிறகு பெரும்பகுதி முழுவதும், அந்தப் பதினாறு வட்டத்தின்மேல் ஜாங்கோவும் கிராப்பெல்லியும் மாறி மாறி அந்தந்த நேரத்தில் தோன்றும் கற்பனையை வாசிக்கின்றனர்.

கற்பனாசுரம் கேட்டுப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். நம் வித்துவான் ஓர் இராகத்தின் எல்லைக்குள் நிற்கிறார், அடிச்சுரம் மாறுவதில்லை. ஜாஸ் வாசிப்பவருக்கோ காலடியில் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. ச-வின் கூட்டில் இனித்த சுரம் ப-வின் கூட்டு வந்ததும் கசக்கலாம். தரை எப்போது நகரும் என்பதை முன்னதாக உணர்ந்து, அதற்கேற்ப அடியெடுத்து வைப்பதே அங்குள்ள திறமை.

இதிலிருந்து ஜாங்கோவின் முதல் நெறி தெரிகிறது. இயற்றுவதற்குமுன் அவர் அமைத்தது ஒரு தளம். அதுவும் மிக எளிய தளம். தளம் எளிதாக இருந்ததால் மேலே நிற்பவனுக்கு விடுதலை மிகுந்தது. மேலும், அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பதிய முடியும். முகப்பு, தனி வாசிப்பு, முடிவு என யாவும் அந்த மூன்று நிமிடத்திற்குள் அடங்கியாக வேண்டும். வீண் சுரத்திற்கு அங்கே இடமில்லை. நால்வரி வெண்பாவுக்குள் பொருளை அடக்கும் புலவனுக்கு யாப்பு எப்படியோ, ஜாங்கோவுக்கு இசைத்தட்டு அப்படி.

மேகங்கள்

1939இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது குழு இலண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட, ஜாங்கோ பாரிஸுக்குத் திரும்பினார். 1940 ஜூன் மாதத்தில் ஜெர்மானியப் படை பாரிஸில் நுழைந்தது. ரோமா மக்களை இனத்தோடு அழிக்க முற்பட்ட ஆட்சி அது. ஐரோப்பா முழுவதும் இலட்சக்கணக்கான ரோமா மக்கள் கொல்லப்பட்டனர். 1943இல் ஜாங்கோ சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்றார், முயற்சி கைகூடவில்லை.

இந்த இருளின் தொடக்கத்தில், 1940இல் பிறந்ததே "நுவாஜ்" என்னும் மெட்டு. பிரெஞ்சு மொழியில் மேகங்கள் என்று பொருள். அன்னியர் ஆட்சியின்கீழ் வாழ்ந்த பாரிஸ் மக்கள் அதனைத் தம் ஏக்கத்தின் குரலாகவே ஏற்றுக்கொண்டனர்.

இதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான பாட்டுகள் வீட்டிலிருந்து புறப்படும். அதாவது ச-வின் கூட்டில் தொடங்கும். நுவாஜ் அப்படித் தொடங்குவதில்லை. ப-வுக்கு அரைச்சுரம் மேலே உள்ள இடத்தில் தொடங்கி, ப-வை நோக்கிச் சறுக்கி, அதன் பிறகே ச-வுக்கு வந்து சேர்கிறது. மெட்டும் அரைச்சுரம் அரைச்சுரமாக நெளிந்து இறங்குகிறது. கேட்பவருக்கு முதலில் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. சிறிது நேரம் மிதந்த பிறகு கால் தரையில் படும். மேகம் என்னும் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் ஏது? முன்னே நாம் கண்ட சறுக்கும் பிடி இங்கே வெறும் கைப்பழக்கமாக நிற்கவில்லை; ஒரு காலத்தின் உணர்ச்சியைச் சொல்லும் கருவியாக உயர்ந்துவிட்டது.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. வயலின் இல்லாத குறையை நிரப்ப ஜாங்கோ கிளாரினெட் என்னும் ஊதுகருவியைச் சேர்த்துக்கொண்டார். 1940 அக்டோபரில் ஒரு கிளாரினெட்டோடு நுவாஜைப் பதிவு செய்தனர். அது ஜாங்கோவுக்கு நிறைவளிக்கவில்லை. டிசம்பரில் இரண்டாவது கிளாரினெட் ஒன்றையும் சேர்த்து மீண்டும் பதிவு செய்தார். அந்தப் பதிவே புகழ்பெற்றது. போருக்குப்பின் 1946இல் இலண்டனில் கிராப்பெல்லியோடு வயலின் சேர்த்து வாசித்தார். 1953இல் மின்கித்தாரில் வாசித்தார். ஒவ்வொரு முறையும் முகப்பு வேறு, நடை வேறு, நிறம் வேறு. எழுதி முடித்த தாள் இல்லாததால் படைப்பு மூடப்படவில்லை. அது அவரோடு சேர்ந்து வளர்ந்தது.

எழுதாதவன் திருத்துவதில்லை என்று நினைப்பவர்களுக்கு இதுவே மறுமொழி. ஜாங்கோ திருத்தினார், பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகத் திருத்திக்கொண்டே இருந்தார்.

வாய்வழிப் பாடம்

சிறு குழுவுக்கு வாசித்துக் காட்டினால் போதும். பல கருவிகள் கொண்ட பெருங்குழுவுக்கு என்ன செய்வது? அங்கேதான் ஜெரார் லெவெக் என்னும் கிளாரினெட் கலைஞரின் துணை அவருக்குக் கிடைத்தது. ஜாங்கோ ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தனித்தனியே கித்தாரில் வாசிப்பார். லெவெக் அதனைக் கேட்டுத் தாளில் எழுதுவார். எல்லாப் பகுதிகளும் சேர்ந்து ஒலிக்கும்போது எப்படி இருக்கும் என்பது முழுவதும் ஜாங்கோவின் நினைவிலேயே இருந்தது. ஒருவர் தம் தலைக்குள் ஓர் இசைக்குழுவையே அமர்த்தி, வரிசை வரிசையாக அழைத்துப் பாட வைக்கிறார் என்றால் அந்தச் செவியின் ஆற்றலை எண்ணிப் பாருங்கள்.

அச்செவி எங்கிருந்து வந்தது? கேட்டுக் கேட்டு வந்தது. ஆம்ஸ்ட்ராங்கைக் கேட்டார், டெபூஸியையும் ராவெலையும் கேட்டார், பாக்கைக் கேட்டார். 1937இல் பாக்கின் இரட்டை வயலின் இசையின் முதற்பகுதியை, இரு வயலின் கலைஞர்களோடு சேர்ந்து ஜாஸ் நடையில் வாசித்துப் பதிவும் செய்திருக்கிறார். வண்டி வீடுகளிடையே பரம்பரையாக வந்த தம் மக்களின் இசை அடியில் இருந்தது. இவை யாவும் கலந்த பிறகே அவர் தமக்கென ஒரு குரல் பெற்றார். கேளாமல் இயற்றியவர் அல்லர் ஜாங்கோ, படியாமல் இயற்றியவர். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது.

இம்முறையின் குறை

ஒருவரைப் போற்றும்போது குறையை மறைப்பது ஆராய்ச்சியாகாது. எழுத்தில்லாத முறைக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையை ஜாங்கோ கொடுத்தார்.

தம் ரோமா மக்களுக்கென்று வழிபாட்டு இசை ஒன்றை இயற்ற அவர் விரும்பித் தொடங்கினார். மூன்று நிமிடத்தில் அடங்காத பெரும்படைப்பு அது. முடிவுறாமலே நின்றுவிட்டது. மூன்று நிமிடப் படைப்பை நினைவும் கையும் தாங்கும்; நீண்டதைத் தாங்க ஏடு வேண்டும், அல்லது எப்போதும் அருகிலிருந்து எழுதும் துணைவர் வேண்டும். இசைத்தட்டு என்னும் கருவி அக்காலத்தில் இல்லாதிருந்தால், அவருடைய தனி வாசிப்புகள் ஒன்றுகூட நம்மை வந்து அடைந்திரா. அவருக்குமுன் வண்டி வீடுகளில் வாசித்து மறைந்த எத்தனை கலைஞர்களின் இசை இவ்வாறு காற்றோடு போயிற்றோ! அவர்கள் பெயரைச் சொல்லவும் இன்று ஆளில்லை.

ஆகவே இசைக்குறி கற்பது வீண் என்பது என் கருத்தன்று. வாய்ப்புள்ளவர் கற்கவே வேண்டும். கல்லாமை இயற்றுவதற்குத் தடையாகாது என்பதே நான் சொல்வது.

1946 நவம்பரில் டியூக் எலிங்டன் குழுவோடு நியூயார்க் நகரின் கார்னகி மண்டபத்தில் ஜாங்கோ வாசித்தார். பிற்காலத்தில் புதிதாக எழுந்த பீபாப் என்னும் கடினமான ஜாஸ் நடையையும் நாற்பது வயதில் ஏற்றுப் பயின்றார். 1953 ஏப்ரலில் கடைசியாகப் பதிவு செய்தார். அடுத்த மாதம் 16ஆம் நாள், சேன் ஆற்றங்கரையில் தாம் வாழ்ந்த சமுவா என்னும் ஊரில் மயங்கி விழுந்து மறைந்தார். அப்போது வயது 43. அமெரிக்கப் பியானோ கலைஞர் ஜான் லூயிஸ் அவர் நினைவாக "ஜாங்கோ" என்ற பெயரிலேயே ஓர் இரங்கல் இசை இயற்றினார். 1954இல் பதிவான அது ஜாஸ் உலகில் நிலைத்துவிட்டது. 1965இல் தொழிற்சாலை விபத்தில் வலக்கை விரல் நுனிகளை இழந்த டோனி ஐயோமி என்னும் ஆங்கில இளைஞர், ஜாங்கோவின் இசைத்தட்டைக் கேட்டே மீண்டும் கித்தாரை எடுத்து, பின்னர் பிளாக் சப்பாத் குழுவில் புகழ்பெற்றார்.

நாம் செய்து பார்க்கக் கூடியவை

படித்ததோடு நில்லாமல் செய்து பார்ப்பதே அறிவியல் மாணவரின் மரபு. ஜாங்கோவின் முறையிலிருந்து நான்கு பயிற்சிகளை நம் இசைக்குழுவுக்குக் கூறுகிறேன்.

முதலாவது, தளம் அமைத்தல். கித்தார் அல்லது ஆர்மோனியம் அறிந்த ஒருவர் மேலே சொன்ன "ச, ம, ப, ச, ம, ச, ப, ச" என்னும் வரிசையை இரண்டிரண்டு தாளவட்டமாக நிறுத்தாமல் வாசிக்கட்டும். பத்து நிமிடம் மற்றவர்கள் ஒன்றும் செய்யாமல் கேட்க வேண்டும். தரை எப்போது நகர்கிறது என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, வினாவும் விடையும். ஒருவர் நான்கைந்து சுரங்களுக்கு மேற்படாத ஒரு தொடரைப் பாடட்டும். அடுத்தவர் அதற்கு விடைபோல ஒரு தொடரைப் பாடட்டும். சொல் வேண்டாம், 'லா' என்ற ஒலியே போதும். நன்று, தீது என்று எவரும் அந்த நேரத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மூன்றாவது, பதிவும் திருத்தமும். ஜாங்கோவுக்கு ஒலிப்பதிவு நிலையம் வேண்டியிருந்தது. நமக்குச் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியே போதும். பாடியதைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். மறுநாளும் நினைவில் நிற்கும் தொடரை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். நின்றதை அடுத்த வாரம் வேறு முகப்போடும் வேறு நடையிலும் பாடிப் பாருங்கள்.

நான்காவது, இல்லாததைக் கணக்கெடுத்தல். நம் குழுவில் வயலின் இல்லை. முறையாகச் சங்கீதம் பயின்றவர் ஒருவரே. கித்தார் ஒன்று, அதிலும் ஒரு கம்பி அறுந்தது. இவற்றையெல்லாம் குறை என்று எழுதாமல் விதி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கம்பியில் எது இயலும்? இரண்டு குரலில் எது இயலும்? வயலின் இல்லாமற்போன அன்றுதான் கிளாரினெட் வந்தது. கிளாரினெட் வந்ததால்தான் நுவாஜ் நாம் அறிந்த உருவம் பெற்றது.

தாய்நிலத்தை விட்டுத் தொலைவில் படிக்க வந்திருக்கும் நாம், ஊரிலிருந்து வரும் பாட்டுகளைக் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடுகிறோம். அது இன்பமே, குறை கூறேன். ஆனால் இந்த விடுதியின் பனிக்கால விடியலையும், இரவு பத்து மணிக்கு மூடும் உணவுக்கூடத்தையும், ஆண்டுக்கு இருமுறை நாம் ஏறும் நீண்ட இரயில் பயணத்தையும் பாடிய தமிழ்ப் பாட்டு எதுவும் இன்னும் இல்லை. அதை வேறு யார் வந்து இயற்றித் தருவார்? வருகிற ஆண்டு விழாவில் ஒரே ஒரு பாட்டாவது நம்முடையதாக இருக்கட்டும். மூன்று சுரக்கூட்டும் மூன்று நிமிடமும் போதும். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் அறைக்கு வருபவர்களுக்கு, ஐந்து கம்பியோடு கித்தார் காத்திருக்கும்.